வயலினுக்குள் ஒரு பிடி அரிசி

வயலினின் மேல்பலகையில் எஃப் எழுத்தைப் போல வளைந்த இரண்டு துளைகள் இருக்கின்றன அல்லவா? ஓசை வெளியே வரும் அந்த வழியாகத்தான் தூசியும் உள்ளே போகிறது. ஆண்டுக்கணக்கில் சேர்ந்து பஞ்சு உருண்டையாகவே திரண்டுவிடும். விரல் நுழையாத இடம். எப்படித் துடைப்பது?

வயலின் பழுது பார்ப்போர் கையாளும் பழைய வழி, சமைக்காத அரிசி! குருணையும் தவிடும் போகப் புடைத்த அரிசியில் ஒரு பிடியைத் துளை வழியே உள்ளே விடுவார்கள். வயலினை அப்படியும் இப்படியும் மெல்லச் சாய்த்தால், அரிசிமணிகள் மூலைமுடுக்கெல்லாம் உருண்டு தூசியைத் திரட்டிக்கொள்ளும். பிறகு கவிழ்த்துக் கொட்டிவிடலாம். பொறுமையாகத்தான் கொட்ட வேண்டும். கடைசிச் சில மணிகள் லேசில் வெளியே வராது. கழுவிய ஈர அரிசி மட்டும் கூடவே கூடாது. ஈரம் மரத்துக்கும் பசைக்கும் பகை.

உள்ளே சீட்டு ஒட்டியிருக்கிறதா என்றும் முதலில் பாருங்கள். இத்தாலியின் கிரெமோனா நகரில் வயலின் செய்த ஸ்ட்ராடிவாரி தம் பெயரையும் ஆண்டையும் இப்படித்தான் சீட்டில் பொறித்து ஒட்டினார். சீட்டின் ஓரம் பெயர்ந்திருந்தால் அரிசி வேண்டாம்.

முக்கியமான எச்சரிக்கை ஒன்று. தந்திகளைத் தாங்கும் ‘குதிரை’க்குச் சற்றுக் கீழே, இரு பலகைகளுக்கும் நடுவே சிறு மரக்குச்சி ஒன்று நிற்கிறது. சவுண்ட் போஸ்ட் என்பார்கள். அதைப் பசையிட்டு ஒட்டுவதில்லை; பலகைகளின் இறுக்கத்தில்தான் நிற்கிறது. ஆகவே எல்லாத் தந்திகளையும் தளர்த்திவிட்டுக் குலுக்காதீர்கள். அது விழுந்துவிட்டால், உடனே தந்திகளைத் தளர்த்தி, பழுது பார்ப்பவரிடம் கொண்டுபோங்கள். அதுவரை வாசிக்க வேண்டாம்.