தொடங்கியதை முடிப்போம்

(வெள்ளி விழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



கல்விச் சங்கத்தின் வெள்ளி விழாவில் கல்வியைப் பற்றிப் பேசுமாறு என்னைப் பணித்தார்கள். நான் எடுத்துக்கொண்ட பொருளோ, பெண்களுக்கு வரும் புற்றுநோயும் அதனைத் தீர்க்கும் கதிர்வீச்சுச் சிகிச்சையும் ஆகும். பள்ளித் தலைமையாசிரியருக்கும் புற்றுநோய்க்கும் என்ன தொடர்பு என்று நீங்கள் கேட்கலாம். அதற்கு விடையாக ஒரு நிகழ்ச்சியைக் கூறுகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன்னர், என் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி மூன்று வாரங்களாக ஒழுங்காக வரவில்லை. வருகைப் பதிவேட்டைக் காட்டி அவளைக் கடிந்துகொண்டேன். அவள் தலையைக் குனிந்தவாறே, "அம்மாவுக்குக் கரண்டு வைக்கிறாங்க சார். கூடப் போக ஆள் இல்ல" என்றாள். அவளுடைய தாயார் கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் ஒப்பந்தக் கூலியாக வேலை செய்தவர். கருப்பை வாயில் புற்றுநோய். 25 நாள் கதிர்வீச்சு வைக்க வேண்டும், அதன்பின் உள்ளே வைக்கும் சிகிச்சையும் உண்டு என்று மருத்துவர்கள் கூறியிருந்தனர். 16 நாள் சென்ற அந்த அம்மையார் அத்துடன் நிறுத்திவிட்டார். வயிற்றுப்போக்கும் சோர்வும் ஒருபுறம், கூலி இழப்பு மறுபுறம். இரத்தப்போக்கு நின்றுவிட்டமையால் நோயும் போய்விட்டது என்று அவர் நம்பிவிட்டார். மறு ஆண்டே நோய் திரும்பியது, அவர் மறைந்தார். மகள் பத்தாம் வகுப்புத் தேர்வை எழுதவில்லை.

பட்டம் பெற்ற ஆசிரியனாகிய நான் அன்று அப்பெண்ணிடம் கேட்டதெல்லாம் வராத நாட்களின் கணக்கையே. "அம்மாவுக்கு இன்னும் எத்தனை நாள் மீதம் இருக்கிறது?" என்று கேட்க எனக்குத் தெரியவில்லை. அந்த அறியாமையே என்னை இத்துறையைப் பற்றிப் படிக்கச் செய்தது. படித்தபோது, நம் தலைநகரிலேயே இதற்காக ஒரு வாழ்நாளை முழுதும் ஈந்த டாக்டர் வி. சாந்தா அவர்களின் வரலாற்றை அறிந்தேன்.

அவ்வரலாறு டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அவர்களிடம் தொடங்குகிறது. 1886-இல் புதுக்கோட்டையில் பிறந்த அவருடைய தாயார் தேவதாசி மரபினர். அந்தப் பிறப்பைக் காட்டியும், பெண் என்பதைக் காட்டியும், அவரை மன்னர் கல்லூரியில் சேர்க்கலாகாது என்று எதிர்ப்பு எழுந்தது. மன்னரின் ஆணையால் சேர்ந்தார். 1912-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றார். தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த அவர், இந்நோய்க்கென்று தனி மருத்துவமனை வேண்டும் எனப் பல்லாண்டு போராடினார். புற்றுநோய் வந்தால் சாவு உறுதி, அதற்கு மருத்துவமனை எதற்கு என்று எண்ணிய காலம் அது. இந்திய மாதர் சங்கத்தின் முயற்சியால் பொதுமக்களிடம் நிதி திரட்டப்பட்டு, 1954 ஜூன் 18-இல் அடையாற்றில் 12 படுக்கைகளுடன் புற்றுநோய் மருத்துவமனை செயற்படத் தொடங்கியது. ஒரு சங்கம் மனம் வைத்தால் என்ன செய்யலாம் என்பதற்கு அதுவே சான்று.

மறு ஆண்டு, 1955-இல், அங்கு வந்து சேர்ந்தார் சாந்தா. 1927-இல் மயிலாப்பூரில் பிறந்து, மகப்பேறு மற்றும் பெண்கள் நோய் மருத்துவத்தில் உயர் பட்டம் பெற்றவர். எழும்பூர் அரசு மகளிர் மருத்துவமனையில் கிடைத்த பணியை ஏற்காது, முத்துலட்சுமி அம்மையாரின் மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியுடன் அடையாற்றில் பணிபுரிய வந்தார். 1950-களின் பிற்பகுதியில் கனடாவிலிருந்து கோபால்ட் கதிர்வீச்சுக் கருவி அங்கு வந்தது. இந்தியாவுக்கு முதலில் வந்தவற்றுள் அதுவும் ஒன்று. சாந்தா 2021 ஜனவரி 19-இல் மறையும் வரை அம்மருத்துவமனையே அவருக்கு வீடாகவும் இருந்தது. 2005-இல் மகசேசே விருதும், பின்னர் பத்ம விபூஷண் விருதும் அவரைத் தேடி வந்தன.

அவருடைய ஆராய்ச்சிகளுள் ஒன்றை மட்டும் கூறுகிறேன். மார்பகப் புற்றுநோய் முற்றிய நிலையில், உடனே அறுவை செய்ய இயலாத அளவு கட்டியோடு வரும் பெண்கள் நம் நாட்டில் மிகுதி. அவர்களுக்கு மருந்தையும் கதிர்வீச்சையும் ஒருசேரக் கொடுத்துக் கட்டியைச் சுருக்கி, அதன்பின் அறுவை செய்யும் முறையை அங்கு கையாண்டனர். 1990 முதல் 1999 வரை அவ்வாறு சிகிச்சை பெற்ற 1,117 பெண்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து, அதன் பயனை 2008-இல் அனைத்துலக மருத்துவ இதழொன்றில் சாந்தாவும் அவர்தம் குழுவினரும் வெளியிட்டனர். ஒன்றை எண்ணிப் பாருங்கள். சிகிச்சையை முடித்துவிட்டு, அழைத்தபோதெல்லாம் திரும்ப வந்த பெண்கள் இருந்தமையால்தான் அந்த ஆராய்ச்சியே இயன்றது.

இனி, "கரண்டு வைத்தல்" என்று நம் மக்கள் வழங்கும் இச்சிகிச்சை யாதெனக் காண்போம். இதில் மின்சாரம் உடலில் பாய்வதில்லை, சுடுவதில்லை, அந்த வேளையில் வலிப்பதும் இல்லை. எக்ஸ்-கதிரைப் போன்ற, ஆனால் அதனினும் மிக்க ஆற்றலுடைய கதிர்கள் நோயுற்ற இடத்தில் செலுத்தப்படுகின்றன. அவை புற்றணுக்களின் மரபுப் பொருளைச் சிதைக்கின்றன. நல்ல அணுக்களும் அடிபடுகின்றன. ஆனால் அவற்றுக்குத் தம்மைச் சீர்செய்துகொள்ளும் திறன் மிகுதி. அதற்கு இடங்கொடுத்தே, முழு அளவையும் ஒரே நாளில் கொடாது, வாரத்திற்கு 5 நாள் வீதம் சிறுகச் சிறுகக் கொடுக்கின்றனர். கருப்பை வாய் நோய்க்கு ஏறத்தாழ 5 வாரம் வெளியிலிருந்து கதிர்வீச்சும், அதனோடு வாரம் ஒரு முறை மருந்தும், பின்னர்க் கதிரியக்கப் பொருளைச் சிறிது நேரம் உள்ளே வைத்தெடுக்கும் சிகிச்சையும் தருவது வழக்கம். மார்பக நோயில் அறுவைக்குப் பின் 3 வாரத்திலேயே கதிர்வீச்சை முடிக்கும் முறையும் இன்று பரவியுள்ளது.

இடையில் நிறுத்தினால் என்ன ஆகும்? களை பறிக்கும் நம் தாய்மார்களுக்கு இது எளிதில் விளங்கும். பாதி வயலில் களையை விட்டுவிட்டால் விட்டது மீண்டும் வயலை மூடுமன்றோ? எஞ்சிய புற்றணுக்கள் அந்த இடைவெளியில் விரைந்து பெருகுகின்றன. ஆகவேதான் கருப்பை வாய் நோய்க்கான முழுச் சிகிச்சையையும் 8 வாரத்திற்குள் முடித்துவிட வேண்டும் என்று மருத்துவர்கள் வற்புறுத்துகின்றனர். இரத்தப்போக்கு நிற்பது நோய் நீங்கியதற்கு அடையாளம் ஆகாது. வெளியிலிருந்து கதிர்வீச்சுப் பெற்றவர் வீடு திரும்பிக் குழந்தையைத் தூக்கிக் கொஞ்சலாம். அவரிடமிருந்து கதிர் பரவாது, நோயும் தொற்றாது. அவருக்குத் தட்டையும் குவளையையும் தனியே ஒதுக்கி வைக்கும் வீடுகளை நான் அறிவேன். ஒதுக்கி வைக்கப்படுவதன் வலியை அறிந்த நாம் அதனைச் செய்யலாமா?

சிகிச்சை மட்டுமன்றி, வருமுன் காக்கவும் வழியுண்டு. கேரளத்தைச் சேர்ந்த டாக்டர் ஆர். சங்கரநாராயணன் தலைமையில், நம் திண்டுக்கல் மாவட்டத்துச் சிற்றூர்களில் 30 முதல் 59 வயது வரையுள்ள பெண்களிடையே ஓர் ஆய்வு நடந்தது. பயிற்சி பெற்ற செவிலியர் கருப்பை வாயில் நீர்த்த அசெட்டிக் அமிலத்தைத் தடவிக் கண்ணால் பார்த்துக் கண்டறியும் எளிய சோதனை அது. 2007-இல் வெளியான முடிவின்படி, சோதனை நடந்த ஊர்களில் இந்நோயால் நேரும் இறப்பு 35 விழுக்காடு குறைந்தது. இச்சோதனை நம் அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் செய்யப்படுகிறது. இந்நோய்க்கு ஒரு வைரசே காரணம் என்று நிறுவிய ஹெரால்ட் சூர் ஹாவுசனுக்கு 2008-இல் நோபல் பரிசு கிடைத்தது. அவ்வைரசுக்கு எதிரான தடுப்பூசியை 9 முதல் 14 வயதுக்குள் சிறுமியர்க்குப் போடுவது சிறந்தது.

இத்தனை இருந்தும் நம் பெண்கள் ஏன் பாதியில் நின்றுவிடுகின்றனர்? கும்மிடிப்பூண்டியிலிருந்து சென்னைக்கு இரயிலில் போய்வர ஏறத்தாழ 100 கிலோமீட்டர். 25 நாளைக்கு 2,500 கிலோமீட்டர். துணைக்கு ஒருவர், வீட்டில் சமைக்க ஒருவர் வேண்டும். நாள்தோறும் கூலி போகும். இச்சுமையை அவர் தனியே சுமக்கிறார். இங்கேதான் சங்கத்துக்கு வேலை இருக்கிறது.

இளைஞர்களே, உங்கள் முன் நான்கு வேண்டுகோள்களை வைக்கிறேன். முதலாவது, சிகிச்சை பெறும் ஒவ்வொரு தாய்க்கும் முறை வைத்து ஒருவர் துணையாகச் செல்லுங்கள். புற்றுநோயாளர்க்கும் துணைவர்க்கும் உரிய இரயில் கட்டணச் சலுகையைக் கேட்டுப் பெற்றுக் கொடுங்கள். இரண்டாவது, முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டையையும், ஈ.எஸ்.ஐ. அட்டையையும் எடுத்துப் பாருங்கள். ஒப்பந்தத் தொழிலாளரும் ஈ.எஸ்.ஐ.-க்கு உரியவரே. இரண்டாண்டு பணி முதலிய தகுதிகள் இருப்பின், புற்றுநோய்க்குச் சராசரி ஊதியத்தில் 80 விழுக்காடு வரை நீட்டிக்கப்பட்ட உதவித்தொகை உண்டு. இதை அறியாமல் எத்தனை பேர் இழந்தார்களோ! மூன்றாவது, 30 வயது கடந்த நம் பெண்களின் பட்டியலை எழுதி, சோதனைக்கு அழைத்துச் செல்லுங்கள். நான்காவது, தாயுடன் மருத்துவமனைக்குச் செல்லும் மாணவ மாணவியர்க்கு நம் மாலை நேரப் பாடசாலையில் விடுபட்ட பாடங்களைச் சொல்லிக் கொடுங்கள். அதற்கு வாரம் இரண்டு மாலைகளை நான் தருகிறேன்.

அண்ணல் அம்பேத்கர் அவர்கள் நம்மைக் கற்கச் சொன்னது சான்றிதழ்களைப் பெட்டியில் பூட்டி வைப்பதற்காகவா? படித்த ஒருவர் தெருவில் இருந்தால், அத்தெருவில் எந்தத் தாயும் 16-ஆம் நாளில் சிகிச்சையை நிறுத்தக் கூடாது. அதுவே இச்சங்கத்தின் அடுத்த 25 ஆண்டுப் பணியின் தொடக்கமாக அமையட்டும்.