குளிர்ப்பெட்டியில் உணவு காத்தல்
(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



உணவு காக்கும் கலையைப் பற்றித் தாய்மார்கள் நிறைந்த சபையில் ரயில்வே பார்சல் ஆபீஸ் குமாஸ்தா பேசுவதா என்று சிலர் புன்முறுவல் பூக்கின்றனர். பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர் நாம். ஆயினும் கட்டு, சீட்டு, தேதி ஆகிய மூன்றையும் குறித்துப் பேச நமக்குச் சிறிது உரிமை உண்டன்றோ!

மார்கழி பிறந்தால் பெங்களூர்க் கடைத்தெருவெங்கும் அவரை மணம் கமழும். மாகடிப் பக்கத்திலிருந்து மூட்டை மூட்டையாக வந்திறங்கும். ஊறவைத்து, ஒவ்வொன்றாகத் தோல் பிதுக்கிப் பிதுக்குப் பருப்பு எடுப்பதற்குள் விரல் நுனி சுருங்கிவிடும். அத்தனை பாடுபட்டுச் சேர்த்ததைப் பங்குனி வரை வைத்திருக்க விரும்புவது இயல்பே. ஆனால் மளிகைக்கடைப் பையோடு அப்படியே உறைபெட்டிக்குள் திணித்துவிடுகிறோம். சில வாரங்களில் நிறம் மங்கிப் பச்சைப்புல் நாற்றம் வீசுகிறது. காய்க்குள் உள்ள நொதிகளைக் குளிர் மந்தப்படுத்துமேயன்றி அழிப்பதில்லை. ஆதலின் பருப்பைக் கொதிநீரில் இரண்டு மூன்று நிமிடம் இட்டு, உடனே குளிர்நீரில் ஆற்றி, துணியில் ஈரம் போக உலர்த்தி, அதன் பின்னரே கட்ட வேண்டும்.

கட்டும் முறையிலும் ஒரு நுட்பம் உண்டு. 1912இல் லாப்ரடார் என்னும் பனிநாட்டிற்குச் சென்ற கிளாரன்ஸ் பேர்ட்ஸ்ஐ என்னும் அமெரிக்கர், அங்குள்ளோர் பிடித்த மீன் கடுங்குளிர்க் காற்றில் நொடியில் உறைவதையும், பின்னர்ச் சமைத்தால் சுவை மாறாதிருப்பதையும் கண்டார். விரைந்து உறைந்தால் பனித்துகள் சிறிதாகும். மெல்ல உறைந்தால் பெரிதாகி உணவின் தசையைக் கிழித்துவிடும். எனவே உருண்டை மூட்டை வேண்டா. ஒருவேளைச் சமையலுக்குரிய அளவை, உணவுக்கென்றே செய்த தடித்த உறையில், விரற்கனத்திற்குப் பரப்பி, காற்றைப் பிதுக்கி வெளியேற்றி மூடுக. செய்தித்தாளில் பொதிதல் ஆகாது. அதன் மை உணவில் இறங்கும். உறைபெட்டி பூச்சியத்துக்குக் கீழ் 18 டிகிரியில் இருத்தல் வேண்டும். ஒற்றைக் கதவுப் பெட்டியின் சிற்றறை பல வேளைகளில் அவ்வளவை எட்டுவதில்லை. அத்தகைய பெட்டியை நம்பி மாதக்கணக்கில் வைத்தல் தகாது.

இனி நம் வீட்டு நிகழ்ச்சி ஒன்றைக் கூறக் கூச்சமாயிருப்பினும் கூறுகிறோம். மூன்றாண்டுகளுக்கு முன் பொங்கலுக்கு ஊர் சென்று நான்கு நாள் கழித்துத் திரும்பினோம். உறைபெட்டியில் தேங்காய்த் துருவலும் கறிக்குழம்பும் கல்லாய் இறுகியிருந்தன. இடையில் ஒன்றரை நாள் மின்சாரம் நின்றிருந்த செய்தியை அண்டை வீட்டார் கூறியும், "கல்லாகத்தானே இருக்கிறது" என்று நாமே தீர்ப்பளித்தோம். எம் தாயார் முகர்ந்து பார்த்து, "வேண்டாமப்பா" என்றார். கேட்டோமா? குழம்பைக் கொதிக்கவைத்து உண்டோம். அன்றிரவே ஒன்பது வயதுப் பெண்ணுக்கு வாந்தி நிற்கவில்லை. மருத்துவமனையில் விடியுமளவும் குளுகோஸ் ஏறியது.

பின்னரே விசாரித்து அறிந்தோம். உறைகுளிர் கிருமிகளைக் கொல்லாது, உறங்கவே வைக்கும். இளகிய வேளையில் அவை பெருகி உமிழ்ந்த நஞ்சுகளுள் சில கொதிக்கவைத்தாலும் நீங்கா. நிறைந்த உறைபெட்டி கதவு திறவாதிருப்பின் ஏறத்தாழ 48 மணி நேரமும், பாதி நிறைந்தது 24 மணி நேரமும் குளிர் காக்கும். நம்முடையது பாதிகூட நிறைந்திருக்கவில்லை.

அன்று முதல் ஒவ்வொரு பொட்டலத்திலும் பொருளும் தேதியும் எழுதிய சீட்டு ஒட்டுகிறோம். சீட்டற்ற பார்சலை ஆபீசில் ஏற்போமா? ஊருக்குப் புறப்படுமுன் ஒரு கிண்ணம் நீரை உறையவைத்து, அதன்மேல் ஒரு ரூபாய்க் காசை வைத்துச் செல்கிறோம். திரும்புகையில் காசு மேலேயே இருந்தால் அச்சமில்லை; உள்ளே அமிழ்ந்திருந்தால் இடையில் இளகிற்று என்று பொருள், எல்லாம் குப்பைக்கே. சென்ற பொங்கலுக்குத் திரும்பியபோது எம் தாயார் பெட்டியை வைக்குமுன் கதவைத் திறந்து பார்த்தார். காசு மேலேயே இருந்தது. அன்றிரவு பிதுக்குப் பருப்புக் குழம்பு.