கூரை வேய்ந்த மரப்பாலம்

(மயிலாப்பூரில் கூடிய நம் சங்கத்தின் மாதாந்தக் கூட்டத்தில் நிகழ்த்திய உபந்நியாசம்)



இன்று பாலத்தைப் பற்றிய பேச்சு என்று காரியதரிசி அவர்கள் அறிவித்த மாத்திரத்தில், அடையாற்றுப் பாலமோ சைதாப்பேட்டைப் பாலமோ என்று அன்பர் சிலர் எம்மை வினவினர். முக்கியமாக யாம் எடுத்துக்கொண்டது அவ்விரண்டுமன்று. கடல் கடந்து, ஈழத்தின் மலைநாட்டில், ஒரு சிற்றூரின் ஓடைமேல் நிற்கும் மரப்பாலம் ஒன்றைப் பற்றியே பேசக் கருதினோம். அதனை ஏன் மயிலாப்பூரில் பேசவேண்டும் என்பது போகப் போக விளங்கும்.

இலங்கையில் ஊவா மாகாணத்தில் பதுளை என்னும் நகரம் உண்டு. நம் நாட்டினின்றும் தோட்டத் தொழிலுக்காகச் சென்ற தமிழ் மக்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்துவரும் பிரதேசம் அது. கொழும்பிலிருந்து மலையேறிச் செல்லும் இருப்புப்பாதை பதுளையில் முடிகிறது. அதற்கு முந்திய நிலையம் ஹாலிஎல. அவ்வூரை அடுத்துள்ள போகொட என்னும் கிராமத்தில், கல்லந்த ஓயா என்ற ஓடையின் குறுக்கே இப்பாலம் அமைந்துள்ளது. ஓயா என்பது சிங்களத்தில் சிற்றாற்றுக்குப் பெயர். பதுளையிலிருந்து கண்டிக்குச் சென்ற பழைய வழி இதன்மீதே சென்றது என்பர். அருகில் பழமையான பௌத்த விகாரை ஒன்றும் இருக்கிறது. பாலம் 16-ஆம் நூற்றாண்டினது என்று கருதப்படுகிறது.

நீளம் ஏறக்குறைய 50 அடி. அகலம் 6 அடி. அதன்மேல் 8 அடி உயரத்துக்கு ஓட்டுக் கூரை. அளவைக் கேட்டவுடன், இவ்வளவுதானா என்று சிலர் நினைக்கக்கூடும். நம் வீட்டு ரேழியைப் போல் ஒன்றரை மடங்கு நீளமிருக்கும், அவ்வளவே. அதன் பெருமை அளவில் இல்லை. இரும்பாணி ஒன்றேனும் அடியாமல், மரமுளைகளாலேயே பொருத்தப்பட்டு, ஓடும் நீருக்கு மேலே இத்தனை காலம் நின்றதிலேயே இருக்கிறது.

மரங்களைத் தேர்ந்த வகையைக் கவனியுங்கள். பலா, மருது, மில்ல என்னும் மூன்றே பிரதானமானவை. பலாவின் வைரம் கறையானுக்கு எளிதில் இடங்கொடாது என்பதை நம் வீட்டுக் கதவுகளே சொல்லும். மருது ஆற்றங்கரை மரம். நீரில் கால் வைத்தே வளர்வது. மில்ல என்பது நம் நொச்சியின் இனத்தது. ஆனால் நொச்சி புதராய் நிற்க, அது உத்திரத்துக்கு ஆகும் பெருமரமாய் வளர்வது. அடியிலே பாலத்தைத் தாங்கப் பெருமரத்தை இட்டிருக்கின்றனர். அதனை வெட்டி, உருட்டி, ஓடைக்குக் கொண்டுவந்து நிறுத்திய நாளில் அக்கிராமத்தில் வீட்டிலிருந்தவர் எவரும் இருந்திரார் என்பது எம் ஊகம். இருபுறத்துக் கைப்பிடி வரிசைகளும் கண்டிப் பாணியில் சித்திர வேலைப்பாடு பெற்றவை.

இனி, ஆணியில்லாமல் ஏன் செய்தார்கள்? இரும்பு கிடைக்காமையால் என்று எண்ணுவது பிழை. ஈழத்தில் இரும்பு உருக்கும் தொழில் மிகப் பழமையானது. ஈரம் பட்ட மரத்தில் இரும்பாணி துருவேறும், துரு, ஆணியைச் சுற்றியுள்ள மரத்தையும் அரிக்கும், துளை விரியும், பிடிப்புத் தளரும். மரமுளையோ மழைக்காலத்தில் மரத்தோடு சேர்ந்து தானும் பருத்து இறுகும்; கோடையில் அதனோடு சுருங்கும். ஆகவே கழுந்தும் துளையும் ஒரே சுபாவமுள்ள உறவினர் போல் ஒத்துப்போகின்றன. அன்றியும், ஒரு பலகை கெட்டால் முளையைத் தட்டிக் கழற்றிவிட்டு வேறு பலகை இடலாம். நம்மவர்களில் தச்சு அறிந்த முதியோர் இதைக் கேட்டுத் தலையசைப்பதைக் காண்கிறோம்.

கூரையின் காரியத்துக்கு வருவோம். வழிப்போக்கர் வெயிலுக்கும் மழைக்கும் ஒதுங்குவதற்காகவே கூரை என்று பலரும் சொல்வர். அந்த உபகாரமும் உண்டுதான். ஈழத்தில் அம்பலம என்று பெயருள்ள வழிச்சாவடிகளைப் போல இப்பாலத்திலும் சுமையை இறக்கி வைத்து இளைப்பாறலாம். அமெரிக்காவிலோ, கீழே ஓடும் நீரைக் கண்டு குதிரை மிரளாதிருக்கவே பாலத்தை மூடினார்கள் என்று ஒரு கதை வழங்குகிறது. உண்மையான காரணம் இவை எல்லாவற்றினும் எளியது. கூரை மனிதனுக்காக அன்று, பாலத்துக்காகவே வேய்ந்தது. மரத்தைக் கெடுப்பது நீரன்று. நனைவதும் காய்வதும் மாறி மாறி வருவதே. மரத்திலுள்ள ஈரம் நூற்றுக்கு 20 பங்குக்குக் கீழே இருக்குமாயின் உளுக்கச் செய்யும் பூஞ்சணம் அதில் வளராது. மழைநீர் முதலில் தங்குமிடம் பொருத்துகளின் துளை. பாலத்தின் உயிர்நிலையும் அதுவே. அவ்விடம் நனையாதபடி இறவாரத்தை நீட்டிக் கூரை போட்டுவிட்டால், பழுதெல்லாம் கூரையோடு நிற்கும். ஓடு உடைந்தால் மாற்றுவது ஒருநாள் வேலை. உத்திரம் உளுத்தால் மாற்றுவது ஒரு வருஷத்து வேலை.

இவ்வுண்மையை ஒருவரைப் பார்த்து ஒருவர் கற்றதாகத் தோன்றவில்லை. ஐரோப்பாவில் லூசெர்ன் நகரத்தில் 14-ஆம் நூற்றாண்டில் கட்டிய கூரைப்பாலம் உண்டு. அமெரிக்காவில் பிலடெல்பியா நகரத்து மரப்பாலம் 1805-இல் திறக்கப்பட்டபோது, அதைக் கட்டிய தச்சர் திமொதி பாமர்; அதனை மூடவேண்டுமென்று யோசனை கூறியவரோ பாலக் கம்பெனியின் தலைவரான நீதிபதி ரிச்சர்ட் பீட்டர்ஸ். பூட்டானத்திலும் கோட்டைவாயில்களுக்கு எதிரே கூரைப்பாலங்களைக் காணலாம். வியட்நாமில் ஹோய் ஆன் என்னும் துறைமுகப் பட்டினத்தில் ஜப்பானிய வணிகர் கட்டிய பாலத்தின் நடுவில் ஒரு சிறு கோவிலே இருக்கிறது. அப்பாலத்தைப் பழுதுபார்த்து 2024-இல் திறந்தபோது, புதிதுபோல் தோன்றுகிறதே என்று ஜனங்கள் குறைகூறினார்களாம்! மரப்பாலத்தின் பழமை பலகையின் வயதிலே இல்லை, அமைப்பிலும் பொருத்திலுமே இருக்கிறது என்பது எம் அபிப்பிராயம். லூசெர்ன் பாலம் 1993-இல் பெரும்பகுதி தீக்கிரையாயிற்று. அடுத்த ஆண்டே அவ்வூரார் அதனை முன்போலவே கட்டி நடக்கத் தொடங்கினர். கட்டும் முறை அழியாமல் இருந்தமையாலேதான் அது இயன்றது.

நம் பக்கத்தில் இத்தகைய பாலம் ஏன் தோன்றவில்லை என்று கேட்கலாம். அடையாறு அகன்று மணல்மேல் ஓடுவது. கோடையில் கணுக்கால் அளவு நீர், ஐப்பசி கார்த்திகையில் பெருவெள்ளம். 2015-ஆம் வருஷத்து டிசம்பர் வெள்ளத்தை நம்மில் மறந்தவர் யார்? அத்தகைய ஆற்றுக்கு 50 அடி மரப்பாலம் போதாது. ஆகவே 1726-இல் கோஜா பெத்ரூஸ் உஸ்கான் என்னும் ஆர்மீனிய வணிகர் சைதாப்பேட்டையில் பாலம் அமைத்தபோது, பல வளைவுகள் கொண்ட கட்டுமானமாகவே அமைத்தார். மாம்பலம் என்ற பெயரே வெள்ளையர் நாவில் திரிந்து மார்மலாங் பாலம் என்று வழங்கிற்று. அவர் தம் சொந்தப் பொருளில் 30,000 வராகன் அதற்குச் செலவிட்டதோடு, அதனைப் பராமரிப்பதற்கென்று 1,500 வராகன் தனியே வைத்தார் என்பர். கட்டுவதற்குக் கொடுப்போர் எக்காலத்திலும் உளர். பழுதுபார்க்கக் கொடுப்போர் அரியர். எம் மனம் அந்த 1,500-க்கே வணங்குகிறது. 1966-இல் அப்பழைய பாலத்துக்குப் பதிலாகப் புதியது வந்து மறைமலையடிகள் பெயரைப் பெற்றது. உஸ்கானுடைய சாசனக் கல் மட்டும் பாரசீகம், ஆர்மீனியம், இலத்தீன் என்னும் மூன்று பாஷைகளோடு சாலையோரத்தில் எஞ்சிற்று. நம்மில் எத்தனை பேர் அதனைக் கடந்து சென்றிருப்போம், எத்தனை பேர் நின்று பார்த்திருப்போம்!

போகொடப் பாலத்துக்கு அத்தகைய நிதி இருந்ததோ இல்லையோ, ஓடு மாற்றவும் முளை செதுக்கவும் தெரிந்த கைகள் பக்கத்து ஊர்களில் இருந்திருக்கவேண்டும். அக்கைகள் இல்லாவிடில் எந்த நிதியும் பயன்படாது. நம் பிள்ளைகள் எஞ்சினீயர் பரீட்சையில் தேறுவது பெருமையே. ஆனால் கழுந்தும் துளையும் வெட்டத் தெரிந்தவர் இச்சபையில் கையுயர்த்துக என்றால், நரைத்த தலைகளே உயரும்.

இப்பொழுது மயிலாப்பூருக்கு ஏன் வந்தோம் என்பதைச் சொல்லிவிடுகிறோம். நம் சங்கக் கட்டிடத்தின் கிழக்குத் தாழ்வாரத்து மரத்தூண்களையும் கூரையையும் பிரித்தெறிந்து கான்கிரீட் தளம் போடவேண்டுமென்று ஒரு தீர்மானம் வரவிருப்பதை அறிவீர்கள். தூண்கள் உளுத்துவிட்டன என்பது காரணமாகச் சொல்லப்படுகிறது. யாம் சென்று தட்டிப் பார்த்த வரையில், உளுத்திருப்பவை மேலே இரண்டு கைமரங்களும் மூலையிலுள்ள ஒரு தூணின் தலையுமே. அவற்றுக்கு நேர்மேலே ஓடுகள் உடைந்து கிடக்கின்றன. மூன்று மழைக்காலமாக அவற்றை எவரும் மாற்றவில்லை. ஏனைய தூண்கள் தட்டினால் மணிபோல் ஒலிக்கின்றன. கான்கிரீட் வேண்டாமென்று யாம் பிடிவாதம் செய்யவில்லை. கடற்காற்று வீசும் நம் ஊரில் அதனுள்ளிருக்கும் கம்பியும் துருவேறும் என்பதை மட்டும் நினைவூட்டுகிறோம். தீர்மானம் வாக்குக்கு வருமுன்னர், நல்ல தச்சர் ஒருவரும் ஓடு வேய்பவர் ஒருவரும் மேலே ஏறிப் பார்த்து, எது நிற்கும், எது நில்லாது, என்ன செலவாகும் என்று எழுதித் தருமாறு காரியக் கமிட்டியார் ஏற்பாடு செய்யவேண்டும். இரண்டு இளைஞர்களும் அவர்களுடன் ஏறிப் பார்ப்பது நலம். ஏணி எம் இல்லத்தில் இருக்கிறது.