பையைப் பிரிக்க அவசரம் வேண்டாம்

பாலக்காட்டில் வாங்கிய வளர்ப்பு மீன், தண்ணீர்ப் பையில் உடுமலை, சின்னாறு, மறையூர் வழியாக மூணாறு போகிறது என்று வையுங்கள். கீழே நல்ல வெயில். மேலே தொட்டித் தண்ணீர் சில்லென்றிருக்கும். மீனுக்கென்று தனிச் சூடு கிடையாது. தண்ணீரின் சூடுதான் அதன் சூடு. எடுத்த எடுப்பில் கொட்டினால் தாங்காது.

பையைப் பிரிக்காமல் தொட்டியில் மிதக்க விடுங்கள். கால் மணி நேரம். குளிர் அதிகமென்றால் அரை மணி. ஏன் பிரிக்காமல்? நெடுந்தூரம் வந்த பையில் மீனின் கழிவால் அம்மோனியா சேர்ந்திருக்கும். மீன் வெளிவிட்ட கரியமில வாயுதான் அதை அடக்கி வைத்திருக்கிறது. திறந்தால் வாயு பறந்துவிடும், அம்மோனியா கடுமையாகிவிடும். எனவே முதலில் மிதக்கட்டும், பிறகு பிரியுங்கள். பிரித்ததும் தாமதம் கூடாது. சின்ன வலையால் மீனை மட்டும் அள்ளித் தொட்டியில் விடுங்கள். பைத் தண்ணீர் தொட்டிக்கு வேண்டாம். ரோஜாச் செடிக்கு ஊற்றுங்கள், அது வேண்டாம் என்று சொல்லாது.

அன்றைக்கு விளக்கைப் போடாதீர்கள். தீனியும் நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம்.

இன்னொன்று. மூணாறுக் குளிரில் தங்கமீன் சமாளித்துக்கொள்ளும். ஃபைட்டர் மீன் வாங்கினால் ஒரு ஹீட்டரும் சேர்த்து வாங்கிவிடுங்கள்.