குழந்தைகளும் சுயமரியாதையும்

(புதுக்கோட்டையில் செய்த சொற்பொழிவு)



இன்று நம்மைப் பேசச் சொன்ன விஷயம் மாண்டிசோரி கல்வி முறை என்பதாகும். அது பணக்காரர் வீட்டுச் சமாச்சாரமல்லவா, நமக்கெதற்கு என்று உங்களில் சிலர் நினைக்கலாம். அப்படி நினைப்பதில் உங்கள் மேல் குற்றமில்லை. அந்தப் பெயரைப் பலகையில் எழுதி மாட்டிச் சம்பளம் ஏராளமாய் வசூலிக்கும் பள்ளிகளைத்தான் நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். பெயரை யார் எழுதிக் கொண்டாலும் தடுப்பாரில்லை. ஆனால் அம்முறை பிறந்த இடத்தைப் பார்த்தால், அதற்கு முதல் பாத்தியதை உடையவர்கள் கூலிக்காரர்களே என்பது விளங்கும்.

மரியா மாண்டிசோரி அம்மையார் 1870-ல் இத்தாலியில் பிறந்து, 1896-ல் ரோமாபுரி சர்வகலாசாலையில் வைத்தியப் பட்டம் பெற்றவர். பெண்ணுக்கு வைத்தியப் படிப்பு எதற்கு என்று கேட்டவர்கள் அந்நாட்டிலும் உண்டு. இந்தப் புதுக்கோட்டையில் பிறந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார் மகாராஜா கல்லூரியில் சேர வந்தபோது எழுந்த எதிர்ப்பை அறிந்த உங்களுக்கு இதை விரித்துச் சொல்ல வேண்டியதில்லை.

மாண்டிசோரி அம்மையார் முதலில் எடுத்துக் கொண்டது, மந்த புத்தி என்று ஒதுக்கப்பட்டுப் பைத்தியக்கார ஆஸ்பத்திரியில் அடைபட்டுக் கிடந்த குழந்தைகளையே. பிரெஞ்சு வைத்தியர்களான இத்தார், செகேன் ஆகியோரின் நூல்களைப் படித்து, கைக்கும் கண்ணுக்கும் வேலை கொடுத்து அவர்களைப் பழக்கினார். அவர்களில் சிலர் மற்றப் பிள்ளைகளோடு பரீட்சை எழுதித் தேறியும் விட்டார்கள். ஊரார் அதை அதிசயம் என்றார்கள். அம்மையாரோ, நல்ல புத்தியுள்ள பிள்ளைகளும் இவர்களுக்குச் சமமாகவே நிற்கிறார்களென்றால், பள்ளிக்கூடம் அவர்களை என்ன பாடு படுத்துகிறது என்று யோசித்தார். தோழர்களே, நம் நாட்டில் கேட்கப்படாத கேள்வி இதுதான். பிள்ளைக்குப் படிப்பு வராவிட்டால் தலையெழுத்து என்போம். இன்னும் துணிந்தவர்கள், அந்த ஜாதிக்கே படிப்பு ஏறாது என்று சொல்லி விடுவார்கள். பள்ளிக்கூடத்தின் மீது மட்டும் யாருக்கும் சந்தேகம் வருவதில்லை!

1907 ஜனவரி 6-ந் தேதி, ரோமாபுரியில் சான் லோரென்சோ என்ற ஏழைகள் குடியிருப்பில் அம்மையாரின் முதல் குழந்தைகள் இல்லம் திறக்கப்பட்டது. தாய் தகப்பன்மார் வேலைக்குப் போய்விட, பிள்ளைகள் சுவரைக் கிறுக்கிக் கெடுத்துக் கொண்டிருந்தார்கள். கட்டட முதலாளிகளுக்குச் சுவரைப் பற்றித்தான் கவலையேயொழிய, பிள்ளைகளைப் பற்றியல்ல. சுமார் 50 பிள்ளைகள். அவர்களிடம் அம்மையார் கொடுத்தவற்றில் ஒன்றைச் சொல்லுகிறோம். ஒரு மரக்கட்டையில் 10 குழிகள். ஒவ்வொன்றிலும் அளவாய் அடங்கும் ஓர் உருளை. குழந்தை எடுத்து எடுத்துப் போடும். ஒன்றை இடம் மாற்றிப் போட்டால், கடைசியில் ஓர் உருளை பொருந்தாமல் நிற்கும். தப்பென்று யாரும் சொல்ல வேண்டியதில்லை. கட்டையே சொல்லி விடுகிறது. குழந்தை தானே திருத்திக் கொள்கிறது. பிரம்புக்கும், மக்கு என்ற பட்டத்துக்கும் அங்கே வேலையில்லை.

எழுத்தும் அப்படித்தான். உப்புத்தாளில் வெட்டி ஒட்டிய எழுத்தை விரலால் தடவித் தடவி உருவம் மனதில் பதியும். நம் திண்ணைப் பள்ளிக்கூடத்தில் மணலில் எழுதியதும் ஏறக்குறைய இதுதானே என்பீர்கள். வாஸ்தவம். ஆனால் அங்கே விரலைப் பிடித்து அழுத்தியவர் வாத்தியார். நாள் குறித்தது பஞ்சாங்கம். இங்கே நாள் குறிப்பது குழந்தை.

முசோலினி ஆட்சியில் இத்தாலியிலிருந்த அம்மையாரின் பள்ளிகள் மூடப்பட்டன. தானாக யோசிக்கப் பழகிய பிள்ளை சர்வாதிகாரிக்கு எதற்கு?

1939-ல் அம்மையார் அடையாறு பிரம்மஞான சங்கத்தார் அழைப்பின்பேரில் சென்னைக்கு வந்து, சுமார் 300 பேருக்குப் பயிற்சி கொடுத்தார். 1940-ல் இத்தாலி யுத்தத்தில் இறங்கவே, பிரிட்டிஷ் சர்க்கார் அவர் மகனைப் பிடித்துக் காவலில் வைத்தார்கள், பிறகு விட்டார்கள். சில மாதத்திற்கென்று வந்தவர் கோடைக்கானலிலும் மற்ற ஊர்களிலுமாக 1946 வரை இந்நாட்டில் தங்க நேர்ந்தது. பிரம்மஞானத்தில் நமக்கு நம்பிக்கையில்லை. அம்மையாரும் கிறிஸ்தவ பக்தி உள்ளவரே. அதனாலென்ன? கட்டையும் உருளையும் யாருடைய மதத்தையும் விசாரிப்பதில்லை.

இவ்வளவும் நடந்தது நம் தமிழ் நாட்டில். ஆனால் அடுத்த அறுபது வருஷம் நம் சர்க்கார் பள்ளிப் பிள்ளைகள் கண்டது பிரம்பைத்தான். 2003-ல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் தொடங்கி, சில வருஷங்களில் ராஜ்யமெங்கும் பரவியபோதுதான், உபாத்தியாயர் நாற்காலியை விட்டுத் தரையில் பிள்ளைகளோடு உட்கார்ந்தார். கரும்பலகையும் பிள்ளைகளின் கைக்கெட்டும் உயரத்திற்கு இறங்கியது. அதிலும் அம்மையாரின் சாயல் இருந்தது.

ஆகவே நாம் கேட்டுக் கொள்வது ஒன்று. உங்கள் கிராமத்து அங்கன்வாடிக்கு ஒரு நாள் போய்ப் பாருங்கள். விளையாட்டுச் சாமான் பீரோவுக்குள் பூட்டிக் கிடக்கிறதா, பிள்ளை கையில் இருக்கிறதா? தண்ணீர்ப் பானை அதற்கு எட்டுகிறதா? கைகட்டி வாய்பொத்தி உட்கார வைத்திருக்கிறார்களா? பூட்டிக் கிடந்தால் திறக்கச் சொல்லுங்கள். சாமானே இல்லையென்றால், குழி வெட்டிய கட்டை செய்ய ரோமாபுரிக்குப் போக வேண்டாம். உங்கள் ஊர் ஆசாரி இரண்டு நாளில் செய்து கொடுப்பார்.