தீவுகளைத் தேடிச் செல்லும் மருத்துவக் கப்பல்

(பொன்விழா மாலைக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



"கடலும் தொண்டும்" என்ற பொருளில் பேசும்படி விழாக் குழுவினர் என்னைப் பணித்திருக்கிறார்கள். இந்த ஊரில் வந்து கடலைப் பற்றிப் பேசுவது கொல்லன் தெருவில் ஊசி விற்பதற்கு ஒப்பாகும். ஆகவே நம் கடலை விட்டு வெகு தொலைவுக்கு, பசிபிக் மாகடலுக்கு, உங்களை அழைத்துப் போகிறேன். அங்கே தீவு தீவாகச் சென்று நோயாளிகளைப் பார்க்கும் மருத்துவக் கப்பல்களை நடத்துகிறவர்கள் யார், அவர்கள் என்ன செய்கிறார்கள், அவர்களிடமிருந்து நமக்குத் தெரிய வேண்டியது என்ன என்பதைச் சுருக்கமாகச் சொல்ல விரும்புகிறேன்.

முதலில் இடத்தைத் தெரிந்துகொள்வோம். மார்ஷல் தீவுகள் என்று ஒரு நாடு. நடுவே கடல்நீர் தேங்கி, சுற்றிலும் மாலைபோல் பவளத் தீவுகள் அமைந்த தீவு வட்டங்கள் அங்கே 29. தனித் தீவுகள் 5. எல்லாத் தீவுகளின் நிலத்தையும் ஒன்று சேர்த்தாலும் 181 சதுர கிலோமீட்டர்தான். ஆனால் அந்நாட்டின் கடற்பரப்போ ஏறக்குறைய 20 லட்சம் சதுர கிலோமீட்டர். நம் இந்திய நாட்டின் நிலப்பரப்பில் பாதிக்கும் மேல்! இவ்வளவு கடலுக்கு நடுவே, 2021-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி, ஏறக்குறைய 42,000 மக்கள் வாழ்கிறார்கள். அவர்களுக்கு மருத்துவமனைகள் இரண்டு. ஒன்று தலைநகர் மஜூரோவில். மற்றொன்று எபாய் என்னும் சிறு தீவில். மற்றத் தீவுகளில் ஒரு சிறு மருந்தகமும், பயிற்சி பெற்ற சுகாதார உதவியாளர் ஒருவரும் இருப்பார். பேறுகாலம் சிக்கலானாலும், குழந்தைக்கு மூச்சுத் திணறினாலும், அவர் வானொலிக் கருவியில் மஜூரோவை அழைத்து யோசனை கேட்க வேண்டும். விமானமோ கப்பலோ வரும்வரை நோயாளியைக் காப்பாற்றி வைத்திருக்க வேண்டும்.

இப்படிப்பட்ட இடத்தில் கப்பல் வந்தால்தான் மருத்துவம் வரும். ஆனால் அன்பர்களே, அந்த மக்கள் கண்ட கப்பல்கள் எல்லாம் ஒரே நோக்கத்தோடு வந்தவை அல்ல.

நோயாளியைப் பிரித்துக் கொண்டுபோகும் கப்பலும் ஒரு காலத்தில் இருந்தது. தொழுநோய்க்கு மருந்தில்லாத காலம் அது. பிஜி நாட்டில் மகோகாய் என்னும் தீவு 1911-ஆம் ஆண்டில் தொழுநோயாளர் இல்லமாக ஆக்கப்பட்டது. பிஜியிலிருந்து மட்டுமல்ல, சமோவா, தோங்கா, கில்பர்ட் தீவுகள், குக் தீவுகள் ஆகியவற்றிலிருந்தும் நோயாளிகளைக் கப்பலேற்றி அங்கே கொண்டுவந்து இறக்கினார்கள். கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போன இந்தியரும் அவர்களுள் இருந்தார்கள். அந்த ஒப்பந்தக் கப்பல்கள் 1903 முதல் சென்னைத் துறைமுகத்திலிருந்தும் புறப்பட்டன என்பதை நாம் மறந்துவிடக் கூடாது.

மகோகாயில் அந்த நோயாளிகளைப் பேணியவர்கள் மரியாயின் சபையைச் சேர்ந்த மறைபரப்புக் கன்னியர்கள். அவர்களுள் மரி ஆக்னஸ் அன்னை 30 ஆண்டுகளுக்கு மேல் அந்தத் தீவிலேயே இருந்து பணியாற்றினார். 1940-களின் இறுதியில் சல்போன் மருந்துகள் வந்தன. பலர் குணமடைந்து வீடு திரும்பினார்கள். 1969-இல் இல்லம் மூடப்பட்டது. அதுவரை அங்கே வந்தவர்கள் 4,000-க்கும் மேற்பட்டோர். அவர்களில் ஆயிரத்துக்கும் அதிகமானோரின் கல்லறைகள் அத்தீவிலேயே இருக்கின்றன. நோயாளியை இறக்கிவிட்டுக் கப்பல் போய்விட்டது. ஆனால் கன்னியர்கள் போகவில்லை. இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு வகைக் கப்பல் பரிசோதிக்க வந்த கப்பல். மார்ஷல் தீவுகளில் 1946 முதல் 1958 வரை அமெரிக்க அரசு 67 அணுகுண்டுச் சோதனைகளை நடத்தியது. 1954 மார்ச் 1-ஆம் நாள் பிகினித் தீவில் வெடித்த ஹைட்ரஜன் குண்டின் சாம்பல், கிழக்கே இருந்த ரொங்கெலாப் தீவின்மேல் வெண்பொடியாகக் கொட்டியது. அது என்னவென்று யாரும் சொல்லாததால் குழந்தைகள் அதில் விளையாடினார்கள். இரண்டு நாட்களுக்குப் பிறகே கடற்படைக் கப்பல் வந்து மக்களை ஏற்றிச் சென்றது. 1957-இல் "இனி ஆபத்தில்லை" என்று அவர்களை மீண்டும் அதே தீவில் குடியேற்றினார்கள். அதன்பின் ஆண்டுதோறும் அமெரிக்காவிலிருந்து மருத்துவக் குழு கப்பலில் வந்தது. இரத்தம் எடுத்தார்கள், சிறுநீர் எடுத்தார்கள், அளந்தார்கள், எழுதிக்கொண்டார்கள், போனார்கள். 1963 முதல் அந்த மக்களுக்குக் கழுத்திலுள்ள தைராய்டு சுரப்பியில் கட்டிகள் கண்டுபிடிக்கப்பட்டன.

நியாயமாகச் சொல்ல வேண்டுமானால், அந்த மருத்துவர்கள் கட்டி கண்டவர்களை அமெரிக்காவுக்கு அனுப்பி அறுவை சிகிச்சை செய்வித்தார்கள். ஆனால் தீவு மக்களின் மனக்குறை வேறு. "எங்கள் பிள்ளைக்குப் பல்வலி, வயிற்றுப்போக்கு, அதைப் பார்க்க நேரமில்லை. எங்களை ஆய்வுக்கூடத்து விலங்காக வைத்திருக்கிறார்கள்" என்பதே அவர்கள் சொல்லி வந்ததன் சாரம். 1972-இல் பரிசோதனைக்கு உட்பட அவர்கள் மறுத்துவிட்டார்கள். அதற்குப் பிறகுதான் பொதுவான நோய்களுக்கும் மருத்துவம் பார்க்கும் ஏற்பாடு வளர்ந்தது. 1985-இல் தங்கள் மண்ணையே நம்ப முடியாமல், முந்நூறுக்கும் மேற்பட்ட ரொங்கெலாப் மக்கள் "ரெயின்போ வாரியர்" என்னும் கப்பலில் ஏறி மெஜாட்டோ என்ற வேறு தீவுக்குக் குடிபெயர்ந்தார்கள்.

கடலில் வெள்ளைக் கப்பல் தெரிந்தால் "வைத்தியர் வந்துவிட்டார்" என்று மகிழ வேண்டிய மக்கள், "இந்த முறை எதை எடுத்துப் போக வந்திருக்கிறார்கள்?" என்று கேட்கும் நிலை வந்துவிட்டதே, அதை எண்ணிப் பாருங்கள். கருவி குறைவில்லை, படிப்பு குறைவில்லை. நம்பிக்கை போயிற்று.

இந்தப் பின்னணியில்தான் குணமாக்க வந்த கப்பலைப் பற்றிச் சொல்ல வேண்டும். 1981-இல் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் ஜேமி ஸ்பென்ஸ், ஜாக் ஸ்பென்ஸ் என்னும் கணவன் மனைவி "கான்வாஸ்பேக் மிஷன்ஸ்" என்ற கிறிஸ்தவத் தொண்டு நிறுவனத்தைத் தொடங்கினார்கள். அவர்களுடைய கப்பல் 71 அடி நீளம். இரண்டு உடல்களைப் பக்கம் பக்கமாக வைத்து மேலே தளம் போட்ட பாய்மரக் கப்பல். இவ்வகைக் கப்பலை ஆங்கிலத்தில் "கட்டமரான்" என்பார்கள். அது வேறொன்றுமில்லை, நம் முன்னோர் மரங்களைக் கயிற்றால் பிணைத்துக் கடலில் இறக்கிய கட்டுமரத்தின் பெயர்தான்! இவ்வகைக் கப்பலுக்கு ஆழமான நீர் வேண்டியதில்லை. பவளப் பார் சூழ்ந்த இடத்திலும் கரையை அண்டிப் போகலாம். தளம் அகலமானது, ஆட்டமும் குறைவு. பல் பிடுங்குகிறவருக்கும் கண்ணில் கத்தி வைக்கிறவருக்கும் ஆட்டம் குறைவது எவ்வளவு பெரிய உதவி என்பதை உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

அதே போலப் பாப்புவா நியூ கினி நாட்டில் "யூத் வித் எ மிஷன்" என்ற அமைப்பின் மருத்துவக் கப்பல் 2010 முதல் கடலோர, ஆற்றோரக் கிராமங்களுக்குச் செல்லத் தொடங்கியது. 2015-இல் அதைவிடப் பெரிய கப்பலும் பணியில் சேர்ந்தது. அக்கப்பலில் மருத்துவர் மட்டுமல்ல, கப்பல் தலைவர், பொறியாளர், சமையற்காரர் எல்லாருமே ஊதியம் வாங்காத தொண்டர்கள்.

மருத்துவக் கப்பல் என்றதும் நமக்கு வெள்ளை அங்கியும் ஊசியும்தான் கண்முன் வரும். ஆனால் மருத்துவர் கத்தியை எடுப்பதற்கு முன்னே எத்தனை கைகள் உழைக்க வேண்டும்! பவளப் பாருக்குள் நுழையும் வாய் சில இடங்களில் மிகக் குறுகலாக இருக்கும். ஏற்றவற்றம் பார்த்து, சூரியன் முதுகுப் பக்கம் இருக்கும் வேளை பார்த்து, ஒருவர் உயரத்தில் ஏறி நின்று நீரின் நிறத்தைக் கொண்டு பாறையைக் காட்ட, கப்பல் தலைவர் மெல்ல மெல்ல உள்ளே செலுத்த வேண்டும். தடுப்பு மருந்து 2 பாகைக்கும் 8 பாகைக்கும் இடைப்பட்ட குளிர்ச்சியில் இருந்தாக வேண்டும். மின்னாக்கி நின்றால் குளிர்பெட்டி நிற்கும். குளிர்பெட்டி நின்றால் அத்தனை குழந்தைகளின் மருந்தும் வீண். ஆகவே கீழ்த்தளத்தில் எண்ணெயும் வியர்வையுமாக நிற்கும் பொறியாளரும் மருத்துவப் பணியாளரே. நல்ல தண்ணீரை அளந்து செலவிடும் சமையற்காரரும், நோயாளியைச் சிறு வள்ளத்தில் அலைக்கு நடுவே கைத்தாங்கலாக ஏற்றி இறக்கும் இளைஞரும் அப்படியே.

நங்கூரம் போட்டதும் மருத்துவம் தொடங்கிவிடாது. தீவுத் தலைவரைக் கண்டு வணங்கி, அனுமதி கேட்க வேண்டும். பிறகு அவ்வூர்ச் சுகாதார உதவியாளரிடம் போக வேண்டும். யாருக்கு எப்போதிலிருந்து இருமல், எந்தப் பாட்டிக்குக் கண் மங்கியது, எந்தப் பெண் வெளியே சொல்லக் கூச்சப்படுவாள் என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும். அவரை ஒதுக்கிவிட்டு மருத்துவர் தாமே எல்லாம் செய்தால், கப்பல் போன மறுநாள் ஊரார் அவரை மதிக்க மாட்டார்கள். அவரை அருகில் வைத்துக்கொண்டு, அவருக்கும் கற்றுக்கொடுத்துச் செய்தால், கப்பல் இல்லாத நாட்களிலும் மருத்துவம் அங்கே இருக்கும்.

அங்கே வரும் நோய்களும் நமக்கு அயலானவை அல்ல. வெயிலும் உப்புக் காற்றும் பட்டுப் பட்டுக் கண்ணில் சதை படர்வதை நம் கடலோடிகள் அறிவார்கள், அங்கும் அதுவே. கண்புரையும் உண்டு. இவற்றைக் கத்தியால் தீர்க்கலாம். ஆனால் நீரிழிவு இருக்கிறதே, அதை ஒரு நாளில் தீர்க்க முடியாது. மீனும் தேங்காயும் ஈரப்பலாவும் உண்டு வாழ்ந்த அம்மக்கள், போருக்கும் குண்டுச் சோதனைகளுக்கும் பிறகு வெளிநாட்டு வெள்ளை அரிசி, டப்பா இறைச்சி, சர்க்கரை ஆகியவற்றுக்குப் பழகிவிட்டார்கள். இன்று உலகில் நீரிழிவு மிகுந்த நாடுகளுள் மார்ஷல் தீவுகளும் ஒன்று. கப்பல் வந்து ஒரு மாத மாத்திரை கொடுத்துவிட்டுப் போனால், இரண்டாம் மாதம் என்ன செய்வது?

ஸ்பென்ஸ் தம்பதியரின் நிறுவனம் செய்த ஒரு காரியம் என்னை மிகவும் சிந்திக்க வைத்தது. பின்னாளில் அவர்கள் கப்பல் பயணத்தை விட்டு, சிறப்பு மருத்துவர்களை விமானத்தில் அழைத்துவந்து, அந்நாட்டு மருத்துவமனைகளிலேயே அந்நாட்டுப் பணியாளரோடு சேர்ந்து சிகிச்சை செய்யும் முறைக்கு மாறினார்கள். மஜூரோவில் நீரிழிவு நலவாழ்வு நிலையம் ஒன்றை ஏற்படுத்தி, காய்கறி பயிரிடவும், சத்தான உணவு சமைக்கவும், நடைப்பயிற்சி செய்யவும் கற்றுக்கொடுத்தார்கள். தாங்கள் பாடுபட்டு உண்டாக்கிய கப்பலைப் பெருமைக்காகப் பிடித்துக்கொண்டிருக்கவில்லை. மக்களுக்கு எது தேவையோ அதற்குத் தங்களை மாற்றிக்கொண்டார்கள். தொண்டு செய்கிறவர்களுக்கு இது எளிதன்று. நாம் தொடங்கியது, நாம் கட்டியது, நம் பெயர் பொறித்தது என்றால் கைவிட மனம் வருமா?

அன்பான பங்குமக்களே! மகோகாய்க் கன்னியர்கள் நோயாளிகளை விட்டுப் போகவில்லை. ரொங்கெலாப்புக்கு வந்தவர்கள் ஆண்டுதோறும் வந்தும் மக்களின் மனத்தை இழந்தார்கள். ஆகவே கப்பல் வந்ததா என்பதல்ல கேள்வி. வந்தவர்கள் மக்களிடம் கேட்டார்களா, மீண்டும் வந்தார்களா, கரையில் இருப்பவரின் கையைப் பலப்படுத்திவிட்டுப் போனார்களா என்பதே கேள்வி.

இதை நம் ஊருக்கும் பொருத்திப் பார்க்க வேண்டும். பங்கு மண்டபத்தில் கண் சிகிச்சை முகாம் நடக்கிறது, இரத்தச் சர்க்கரை பார்க்கிறார்கள், புகைப்படம் எடுக்கிறோம், மாலை போடுகிறோம். மறுநாள்? அறுவை சிகிச்சை செய்துகொண்ட தாத்தாவுக்கு நாள் தவறாமல் சொட்டு மருந்து விடுவது யார்? சர்க்கரை அதிகம் என்று எழுதிக்கொடுத்த சீட்டை அலமாரியில் செருகி வைத்த தாயாரை, அடுத்த மாதம் மருத்துவரிடம் அழைத்துப் போவது யார்? நம் தெருவுக்கு வரும் கிராம சுகாதாரச் செவிலியரின் பெயராவது நமக்குத் தெரியுமா?

பொன்விழா நினைவாக நம் பங்கு இளைஞர்கள் ஒரு காரியத்தை மேற்கொள்ளலாம். தெருவுக்கு இருவர் பொறுப்பேற்று, முகாமில் பார்க்கப்பட்ட ஒவ்வொருவரின் பெயரையும் ஒரு நோட்டில் எழுதி வைத்து, மாதம் ஒருமுறை வீட்டுக்குப் போய்க் கேட்டு வரட்டும். செவிலியரிடம் அந்த நோட்டைக் காட்டட்டும். பணம் தேவையில்லை, கப்பலும் தேவையில்லை. தவறாமல் போக வேண்டும், அவ்வளவுதான். அடுத்த ஆண்டு திருவிழாவுக்கு அந்த நோட்டைப் பார்க்க எனக்கு ஆசை.