சாலை வருமுன் நீர்வழி காண்போம்

(காஞ்சிபுரத்தில் நடைபெற்ற பஞ்சாயத்து உறுப்பினர் பயிற்சி முகாமில் வட்டார வளர்ச்சி அதிகாரி ஒருவர் நிகழ்த்திய சொற்பொழிவு)



மக்கட்பெருக்கம், புதுமனைகள், சாலை விஸ்தரிப்பு ஆகியவற்றைப் பற்றிப் பேசுமாறு எங்களைப் பணித்திருக்கிறார்கள். மூன்றும் பெரிய பொருள்கள். ஆயினும் நம் ஊர்களைப் பொறுத்தவரை மூன்றும் வந்து கூடுமிடம் ஒன்றே. அது வாய்க்கால். ஆகவே வாய்க்காலைப் பற்றியே பெரும்பாலும் பேசப் போகிறோம்.

முதலில் கணக்கு. 2001ஆம் ஆண்டில் அன்றைய காஞ்சிபுரம் மாவட்டத்தின் ஜனத்தொகை 28,77,468. பத்தாண்டு கழித்து, 2011இல், அது 39,98,252 ஆயிற்று. நூற்றுக்கு ஏறக்குறைய 39 வீதம் பெருகியிருக்கிறோம். அதே பத்தாண்டில் தமிழ்நாடு முழுவதற்குமான பெருக்கம் நூற்றுக்கு 16க்கும் குறைவுதான். நம் வீடுகளில் தொட்டில்கள் மிகுந்ததால் நேர்ந்த பெருக்கமன்று இது. ஒன்றிரண்டு பிள்ளைகளோடு நிறுத்திக்கொள்ளும் குடும்பங்களே இன்று எங்கும் உள்ளன. இருங்காட்டுக்கோட்டையில் 1998இல் ஹூண்டாய் ஆலை உற்பத்தியைத் தொடங்கிற்று. பின்னர் ஸ்ரீபெரும்புதூரிலும் ஒரகடத்திலும் ஆலைகள் அடுத்தடுத்து எழுந்தன. வேலை தேடி வந்தவர்களும், சென்னை நகரின் வாடகை தாளாது வெளியேறியவர்களும் இங்கே குடியேறினர். 2019இல் செங்கல்பட்டு மாவட்டம் தனியே பிரிந்தது. 2021இல் எடுக்கவேண்டிய குடிக்கணக்கு நடைபெறவில்லை. கணக்கு வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. வயல் வரப்புகளில் நட்டிருக்கும் மனைக் கற்களை எண்ணினாலே போதும்.

சாலையும் அவ்வாறே. சென்னையிலிருந்து பெங்களூர் செல்லும் சாலை முன்பு இருவழியாயிருந்து, தங்க நாற்கரத் திட்டத்தில் நான்கு வழியாகி, பின் ஆறு வழியாக விரிக்கும் பணி மேற்கொள்ளப்பட்டது. அதுவும் போதாதென்று ஸ்ரீபெரும்புதூரிலிருந்து பெங்களூருக்கு அருகேயுள்ள ஹொஸ்கோட்டே வரை 262 கிலோமீட்டர் நீளமுள்ள விரைவுச் சாலைக்கு 2022 மே மாதம் அடிக்கல் நாட்டப்பட்டது. செங்கல்பட்டிலிருந்து வாலாஜாபாத் வழியாகக் காஞ்சிபுரம் வரும் சாலையும் அகலமாகியிருக்கிறது. பரந்தூர் விமான நிலையத் திட்டம் 2022 ஆகஸ்டில் அறிவிக்கப்பட்டதும், அங்குள்ள ஊரார் தம் நிலத்தையும் நீர்நிலைகளையும் குறித்துக் கவலை தெரிவித்து வருவதும் நீங்கள் அறிந்தவை. அதனைப் பற்றித் தீர்ப்புக் கூறுவது எங்கள் பதவிக்கு உட்பட்டதன்று.

சாலை வேண்டாம் என்று கூற நாங்கள் வரவில்லை. ஓரிக்கையில் விளைந்த காய் விடியுமுன் கோயம்பேடு சேருவதும், பிரசவ வேதனையுற்ற பெண் உரிய நேரத்தில் மருத்துவமனை அடைவதும் சாலையால்தான். புதிதாகக் குடிவருவோரும் நம் போன்றோரே. அவர்களுக்கும் வீடு வேண்டும். வீடும் சாலையும் மேட்டில் அமைந்தால் கேள்வியில்லை. அவை நீர் செல்லும் வழியில் அமையும்போது நேர்வதுதான் நம் கவலை.

நம் நாட்டை 'ஏரி மாவட்டம்' என்று முன்னோர் அழைத்தது அலங்காரத்திற்காக அன்று. வற்றாத பேராறு நமக்கில்லை. பாலாறும் செய்யாறும் வேகவதியும் ஆண்டில் சில நாட்களே புரண்டோடுகின்றன. மழை பெய்யும் சில வாரங்களில் நீரைத் தேக்கி, மீதி மாதங்களை அதைக்கொண்டு ஓட்டுவதே இந்நிலத்தின் பிழைப்பு. இன்றைய காஞ்சிபுரம் மாவட்டத்தில் நீர்வளத் துறையின் பொறுப்பில் மட்டும் சுமார் 380 ஏரிகள் உள்ளன. நூறு ஏக்கருக்குக் குறைந்த ஆயக்கட்டுடைய சிற்றேரிகள் பஞ்சாயத்து யூனியன்களின் பொறுப்பு. இவற்றுள் எந்த ஏரியும் தனியே நிற்பதன்று. மேலேரி நிரம்பிக் கலங்கல் வழிந்தால் அந்நீர் கால்வாய் வழியே கீழேரிக்குச் செல்லும். அது நிரம்பினால் அடுத்ததற்கு. சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தால் அதற்குக் கீழுள்ள ஏரிகள் யாவும் வறளும்.

இனி ஒரு நிகழ்ச்சியைக் கூறவேண்டும். அது எங்கள் தவறு பற்றியது. ஊரின் பெயர் வேண்டாம்.

சில ஆண்டுகட்கு முன், சிற்றேரி ஒன்றின் மேற்புறத்தில் புஞ்சை நிலத்தை மனைகளாகப் பிரித்து விற்றார்கள். முப்பது குடும்பங்கள் வீடு கட்டிக் குடியேறின. தெரு சேறாயிருக்கிறதென்று மனுக் கொடுத்தார்கள். நாங்கள் யூனியன் நிதியிலிருந்து சிமெண்டுச் சாலை போட்டுக் கொடுத்தோம். வேலை நடந்தது சித்திரை மாதம். தெருவின் நடுவே குறுக்காக நான்கடி அகலத்தில் ஒரு பள்ளம் இருந்தது. வறண்டு, வேலிகாத்தான் முள் மண்டி, குப்பை நிறைந்து கிடந்தது. கரையோரம் மாடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவரை, இதில் நீர் வருவதுண்டா என்று கேட்டோம். "இப்போது கேட்டு என்ன பயன், ஐயா? ஐப்பசியில் வந்து பாருங்கள்" என்றார். நாங்கள் அதை விளையாட்டுப் பேச்சாகக் கொண்டோம். புலப்படத்தைப் பார்த்தோம், அதில் வாய்க்கால் குறிக்கப்படவில்லை. இருந்தாலும் இருக்கட்டும் என்று ஓரடிக் குழாய் ஒன்றைப் புதைத்து மேலே சிமெண்டைக் கொட்டினோம். மதிப்பீட்டில் அதற்குமேல் இடமில்லை என்பது அன்று நாங்கள் எங்களுக்கே கூறிக்கொண்ட சமாதானம்.

ஐப்பசியில் இரண்டு நாள் அடைமழை. முதல் நாளிலேயே முள்ளும் குப்பையும் அடைத்துக் குழாய் மூடிக்கொண்டது. நீர் தெருவில் ஏறி, தாழ்ந்த வீடுகளுள் புகுந்தது. அவற்றுள் ஒன்று, பிள்ளையார்பாளையத்தில் நெடுங்காலம் வாடகைக்கு இருந்து, கூலியில் மிச்சம் பிடித்து இரண்டு சென்ட் வாங்கிக் கட்டிய நெசவாளர் வீடு. குழித்தறி என்றால் உங்களுக்கு விளக்க வேண்டுவதில்லை. நெசவாளர் தரையில் அமர்ந்து, குழியில் கால் இறக்கி மிதித்து நெய்வது. நீர் முதலில் நிறைவது அக்குழியில்தான். தறியில் பாவு ஏறியிருந்தது. கல்யாணச் சேலை பாதி நெய்த நிலையில் நின்றது. பட்டும் சரிகையும் அவருடையவை அல்ல, கூலிக்குக் கொடுத்தவருடையவை. நாங்கள் போய்ப் பார்த்தபோது அவர் எங்களை வையவில்லை. "குழி கிணறாகிவிட்டது" என்று மட்டும் கூறினார். வைதிருந்தால் எங்களுக்குச் சற்று எளிதாயிருந்திருக்கும்.

அத்தோடு முடியவில்லை. தெருவுக்கு மேற்புறம் வீடுகள் மூழ்கிக் கிடக்க, கீழ்ப்புறத்து ஏரி பாதிகூட நிரம்பவில்லை. அவ்வாண்டு அதன் ஆயக்கட்டில் கடைமடை வயல்கள் கதிர் வாங்குமுன் காய்ந்தன. வீட்டில் நின்றதும் வயலுக்குப் போகாததும் ஒரே நீர். வீட்டுக்காரர் வடிகால் இல்லை என்று மனுக் கொடுத்தார். உழவர் ஏரியில் நீர் இல்லை என்று மனுக் கொடுத்தார். இரு மனுக்களும் எங்கள் மேசையில் வெவ்வேறு கோப்புகளில் கிடந்தன. அவை இரண்டும் ஒன்றே என்று கண்டுகொள்ள எங்களுக்குத் தை மாதம் வரை பிடித்தது. பின்னர் சாலையை உடைத்துச் சிறுபாலம் கட்டினோம். முதலில் சாலை போட்ட செலவைக் காட்டிலும் அது மிகுதி.

இச்சிறு தெருவில் நேர்ந்ததே பேரளவில் 2015இல் நேர்ந்தது. அவ்வாண்டு டிசம்பர் 1, 2 தேதிகளில் 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை பெய்தது. ஆதனூர் ஏரி முதலியவற்றின் உபரிநீர் அடையாறாகத் திரண்டு செல்லும் தடத்தில் முடிச்சூரும் வரதராஜபுரமும் இருக்கின்றன. அங்கே வீடுகள் மூழ்கின. நீர் புதுவழி எதையும் தேடவில்லை. தன் பழைய வழியில்தான் வந்தது.

எங்கள் புலப்படத்தில் அவ்வாய்க்கால் ஏன் இல்லை என்று பிறகு ஆராய்ந்தோம். நீங்கள் கவனிக்கவேண்டிய இடம் இதுவே. நீர்வழிகள் இருவகை. வாய்க்கால் புறம்போக்கு என்று தனிச் சர்வே எண் பெற்று 'அ' பதிவேட்டில் ஏறியவை ஒருவகை. அவற்றைப் பட்டாவாக்க முடியாது. ஏரிகளைப் பாதுகாக்க 2007இல் தனிச் சட்டமும் இயற்றப்பட்டுள்ளது. மற்றொரு வகை, பட்டா நிலங்களினூடே வரப்போரமாக ஓடுபவை. அவற்றுக்கு எண்ணில்லை, கோடில்லை. ஒருவர் நிலத்து நீரை அடுத்தவர் வாங்கிக் கீழே விடுவது என்ற ஊர் வழக்கமே அவற்றின் பத்திரம். பழைய கர்ணம் அவற்றை அறிவார். அப்பதவி 1980இல் நீங்கிற்று. நீர்க்கட்டி அறிவார்; இன்று பல ஊர்களில் அப்பணிக்கு ஆளில்லை. நிலம் உழவர் கையிலிருக்கும் வரை வழக்கம் நிலைத்தது. வேற்றூரார் மனையாக வாங்கிச் சுவர் எழுப்பியதும் வழக்கம் சுவரோடு முடிந்தது. வாங்கியவர் மீது குற்றமில்லை. அவரிடம் ஒருவரும் கூறவில்லை.

ஆகவே கூறவேண்டியவர் பஞ்சாயத்தார். எப்போது கூறுவது? மனைப்பிரிவுக்கு நகர் ஊரமைப்புத் துறையின் ஒப்புதல் வேண்டும் என்பதை அறிவீர்கள். முன்பு பஞ்சாயத்துத் தலைவரின் கையொப்பமும் முத்திரையும் போதும் என நம்பிப் பலர் மனை வாங்கினர். 2016 செப்டம்பரில் சென்னை உயர்நீதிமன்றம் அங்கீகாரமற்ற மனைகளைப் பதிவு செய்யத் தடை விதித்த பின்னரே அந்நம்பிக்கை எவ்வளவு பொய் என்று விளங்கிற்று. 2017இல் வரன்முறை விதிகள் வந்தன. 2016 அக்டோபர் 20 வரை பதிவானவற்றுக்கு வழி பிறந்தது. ஆனால் நீர்நிலையிலும் வாய்க்காலிலும் விழுந்த மனைகளுக்கு அவ்வழியும் இல்லை. அத்தகைய பத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு எங்கள் அலுவலகத் திண்ணையில் உட்காருவோரைக் காண எங்களுக்குப் பொறுக்கவில்லை. பெரும்பாலோர் சிறு சம்பளக்காரர்.

மனைப்பிரிவில் தெருக்களும், பத்தாயிரம் சதுர மீட்டருக்கு மேற்பட்டதாயின் சாலை நீங்கலாகப் பத்தில் ஒரு பங்கு திறந்தவெளியும், தானப் பத்திரமாக உள்ளாட்சிக்கு வந்துசேரவேண்டும். அத்திறந்தவெளியை மனை விற்போர், விற்க இயலாத மூலையில் முக்கோணமாக ஒதுக்குவதே வழக்கம். நீங்கள் முன்கூட்டியே வாய்க்காலின் தடத்தைக் காட்டினால், திறந்தவெளியை அதன் இருமருங்கும் நீளமாக அமைக்கச் சொல்லலாம். வாய்க்கால் பிழைக்கும், குழந்தைகளுக்கும் இடம் கிடைக்கும்.

நெசவு நடைபெறும் ஊர்களில் மற்றொன்றும் உண்டு. அய்யம்பேட்டை, முத்தியால்பேட்டை உறுப்பினர்கள் இங்கே வந்திருக்கிறீர்கள். மூன்று சேலைக்குரிய பாவு சுமார் அறுபதடி நீளம். விடியற்காலையில் அதை வீதியில் நீட்டி விரிக்க நேரான, வண்டி குறுக்கிடாத தெரு வேண்டும். நம் பழைய தெருக்கள் அதற்காகவே அமைந்தவை போல் நீண்டிருக்கின்றன. புது மனைப்பிரிவுகளில் தெருக்கள் குட்டையாய் மடிந்து மடிந்து செல்கின்றன. வாகனங்கள் பெருகப் பெருகப் பழந்தெருக்களிலும் பாவு விரிக்க முடிவதில்லை. நெசவாளர்கட்கு மனை ஒதுக்கும் இடங்களிலேனும் நேரான ஒரு தெருவைக் கேட்டுப் பெறுங்கள்.

நெடுஞ்சாலைக்கு வருவோம். சாலை ஆளுயரத்திற்கும் மேல் கரை எழுப்பி வருகிறது. நீருக்கு அது ஓர் அணை. பாலம் விட்ட இடத்தில் மட்டுமே அதற்கு வாயில். எங்கே பாலம், எவ்வளவு அகலம் என்பதை வரைபடத்தை வைத்து வெளியூர்ப் பொறியாளர் தீர்மானிக்கிறார். அவரும் எங்களைப் போலவே சித்திரையில் வந்து பார்ப்பவராயிருக்கலாம். எல்லைக்கல் நடும்போதே உடன் நடந்து, நீர் கடக்கும் இடங்களை எழுத்தில் கொடுங்கள். கரை எழும்பிய பின் கொடுக்கும் மனுவால் பாலம் பிறப்பதரிது. இழப்பீட்டுத் தொகையைப் பற்றி நூறு கேள்வி கேட்கிறீர்கள், கேட்கத்தான் வேண்டும். சிறுபாலத்தைப் பற்றி ஒருவரும் இதுவரை எங்களிடம் கேட்டதில்லை.

சாலைக் கரைக்கு மண் ஏரியிலிருந்தே எடுக்கப்படுவதுண்டு. ஏரி ஆழமாவது நன்று என்று எண்ணி மகிழ்கிறோம். மதகின் அடிமட்டத்திற்குக் கீழே தோண்டிய குழியில் நிற்கும் நீர் வயலுக்கு ஏறாது என்பதை மறந்துவிடுகிறோம். கிணறுகளில் ஊறலாம், மதகின் வழியே பாயாது. கரையை ஒட்டித் தோண்டினால் கரையே பலமிழக்கும். அனுமதிச் சீட்டில் எழுதிய ஆழமும் இடமும் என்னவென்று பார்க்க உங்களுக்கு உரிமையுண்டு.

உத்திரமேரூரைப் பற்றிக் கூறாவிட்டால் இக்கூட்டம் முடிந்ததாக ஆகாது, கேட்டுச் சலித்துமிருப்பீர்கள். முதற் பராந்தகன் காலத்தில், 919, 921ஆம் ஆண்டுகளில் வெட்டிய கல்வெட்டுகளில் குடவோலையை அனைவரும் புகழ்கிறோம். அவ்வோலையால் தெரிந்தெடுக்கப்பட்டவர்களுள் ஏரி வாரியத்தார் என்று ஒரு குழுவினர் இருந்தனர் என்பதையும், வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் மறுபடி நிற்கமுடியாது, அவர் உறவினரும் நிற்கமுடியாது என்பதையும் அவ்வளவாகப் பேசுவதில்லை. அந்த இரண்டாம் விதியைக் கேட்டு இங்கே சிலர் சிரிக்கிறீர்கள்.

எங்கள் ஏற்பாடு இது. அக்டோபர் 2ஆம் தேதி கிராம சபைக்கு முன் ஒவ்வோர் ஊரிலும் ஒரு நாள் நீர்வழி நடை நடத்துவோம். எங்கள் ஓவர்சியரும் நில அளவரும் கிராம வரைபடத்தோடு வருவார்கள். மேலேரிக் கலங்கலில் தொடங்கி உங்கள் ஏரி வரை நடக்கவேண்டும். எண்ணில்லாத வாய்க்கால் ஒவ்வொன்றையும் எந்தெந்தப் புலத்தின் வழியே செல்கிறதென்று குறித்து, கிராம சபையில் தீர்மானமாக நிறைவேற்றி, ஒரு பிரதியை எங்களுக்கும் ஒன்றை வட்டாட்சியர் அலுவலகத்திற்கும் அனுப்பவேண்டும். மனைப்பிரிவு விண்ணப்பமோ சாலை அளவோ வரும்போது அத்தீர்மானத்தை முதற் காகிதமாகக் கோப்பில் வைப்போம். நடக்க முடியாத முதியவராயினும் ஊரில் நீர் பாய்ச்சியவர் ஒருவரைக் கட்டாயம் அழைத்து வாருங்கள். அவருக்கு வண்டி எங்கள் பொறுப்பு. அரிவாள் இரண்டும் எடுத்து வாருங்கள், வழியெல்லாம் முள்.